சதுரங்கம் பழகுவோர்க்கு வேண்டுவன எவை?

சென்னை இளைஞர் குகேஷ் 2024 டிசம்பரில், தம் 18ஆம் வயதிலேயே, உலகச் சதுரங்க வாகை சூடினார். அன்று தொட்டு, விடுமுறைக்கு நான் எருத்தேன்பதி செல்லும்போதெல்லாம் ஊர்த் தம்பிமார் கேட்பது ஒன்றே: "எந்தப் பலகை வாங்கலாம்? எந்தப் புத்தகம் நல்லது? கைப்பேசியில் எதை வைத்துக் கொள்ளலாம்?" போட்டிக்குப் போக விரும்பாது, மாலைப் பொழுதில் மகிழ்ந்தாட விரும்புவோர் அவர்கள். அவர்களுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை என்பதே என் துணிபு.

முதலில் பலகை. கண்ணாடிக் காய்களும் பளிங்குப் பலகையும் அலமாரிக்கு அழகு, ஆட்டத்துக்கு இடையூறு. சுருட்டி வைக்கத்தக்க விரிப்பும் பிளாஸ்டிக் காய்களுமே போதும். கட்டத்தின் பக்கம் 5 முதல் 6 செ.மீ. வரையும், ராஜாவின் உயரம் ஏறத்தாழ 9.5 செ.மீ. அளவும் இருத்தல் நன்று. ஒரு கட்டத்துள் நான்கு சிப்பாய்கள் அடங்குமாயின் அளவு பொருத்தமே. கடையிலேயே வைத்துப் பார்த்துவிடலாம்.

அடுத்து மென்பொருள். 2010இல் தொடங்கிய லிசெஸ் தளம் முற்றும் இலவசம்; விளம்பரமும் கிடையாது. அதில் ஆடலாம், புதிர் விடுவிக்கலாம், ஆடி முடித்த ஆட்டத்தை ஆராயலாம். அவ்வாராய்ச்சிக்குத் துணைநிற்கும் ஸ்டாக்ஃபிஷ் என்னும் நிரலும் இலவசமே. எந்த மனிதரையும் வெல்லும் ஆற்றலுடையது அது. ஆனால், எந்த நகர்த்தல் தவறென்று காட்டுமேயன்றி, ஏன் தவறென்று எடுத்துரைக்காது.

அதனை எடுத்துரைப்பது நூல். கபபிளாங்கா 1921இல் எழுதிய 'செஸ் ஃபண்டமென்டல்ஸ்' ஒன்றே பல்லாண்டுக்குப் போதுமானது. ராஜாவும் ஒரு யானையும் கொண்டு எதிரியின் தனி ராஜாவை மடக்குவது போன்ற எளியவற்றிலிருந்து அது தொடங்குகிறது. இணையத்தில் விலையின்றியும் கிடைக்கிறது. ஆனால் அது ஆங்கிலத்தில் அன்றோ இருக்கிறது! வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமுமாக வாழும் எல்லைப்புறத்து இளைஞனுக்கு, ஓய்வுநேர விளையாட்டுக்கும் மூன்றாவதொரு மொழியின் வாயிலைத் தட்ட வேண்டிய நிலை. ஆர்வம் பாதியிலே அவிந்துபோவதற்கு இதனினும் வேறு காரணம் வேண்டுமோ?

எல்லாவற்றினும் மேலாக வேண்டுவது எதிரே அமர ஓர் ஆள். எங்கள் அண்டை மாவட்டமாகிய திருச்சூரில் மரோட்டிச்சால் என்றோர் ஊர் உண்டு. குடியிலும் சூதிலும் வீணான பொழுதை அவ்வூரார் சதுரங்கத்தின்பால் திருப்பிய கதையை உலகமே வியந்து பேசுகிறது. தேநீர்க் கடையில் விரித்த பலகையே அங்கே பள்ளிக்கூடமாயிற்று.

1945இல் பி. என். பணிக்கர் முன்னின்று தொடங்கிய நூலக இயக்கத்தால் கேரளத்துச் சிற்றூர்களிலும் வாசகசாலைகள் தழைத்தன. எல்லையோர வாசகசாலை ஒவ்வொன்றிலும் இரண்டு பலகைகளேனும் இருத்தல் வேண்டும். அவற்றின் அருகே, எளிய தமிழில் ஒரு கையேடும் இருத்தல் வேண்டும். கட்டங்கள் 64; பக்கங்களும் 64 போதும். அதனை எழுதித் தரும் ஆற்றல் நம் சங்கத்து மாணவர்க்கு உண்டு. பலகைக்கு ஊரார் பொருள் தருவர். நூலுக்கு நாமே உழைத்தல் வேண்டும். இவ்வாண்டே தொடங்குவோமா?