‘ஏன் ஐந்து?’ என்று கேளுங்கள்

சுடோகு என்ற எண் புதிரை நம்மில் பலர் காலைக் காபியோடு செய்தித்தாளில் போட்டுப் பார்த்திருப்போம். இப்போது இணையத்தில் முகம் தெரியாத ஒருவரோடு போட்டியாகவே போடலாம். இருவருக்கும் ஒரே புதிர், ஒரே நேரத்தில் ஆரம்பம். எதிராளி எவ்வளவு தூரம் முடித்துவிட்டார் என்பது திரையின் ஓரத்தில் தெரிந்துகொண்டே இருக்கும். வென்றால் புள்ளி ஏறும், தோற்றால் இறங்கும்.

ஓய்வு பெற்றபின் எனக்குப் பிடித்த இந்தப் பைத்தியம், ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேரனுக்கும் தொற்றியது. ஓய்வு பெற்றவர்களுக்கு இதில் கொஞ்சம் உரிமை உண்டு. பெயர்தான் ஜப்பானியப் பெயர். 1979-ல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வெளியான இப்புதிரை உருவாக்கியவர் ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற ஓய்வு பெற்ற கட்டடக் கலைஞர் என்று சொல்கிறார்கள். 1984-ல் அது ஜப்பானுக்குப் போயிற்று. 2004-ல் லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழில் அதை இடம்பெறச் செய்த வேய்ன் கூல்டும் ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர்தான். 2006-ல் இத்தாலியில் தொடங்கிய உலகப் போட்டி 2008-ல் கோவாவிலும் 2017-ல் பெங்களூரிலும் நடந்தது.

எனக்கு இது பிடித்ததற்குக் காரணம் என் தொழில். ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவன் நான். ஒரு வண்டிக்கு வழி கொடுத்துவிட்டால், அதற்குக் குறுக்கே வரும் வழிகளெல்லாம் பூட்டிக்கொள்ளும். இதை இன்டர்லாக்கிங் என்போம். சுடோகுவும் அப்படித்தான். ஒரு கட்டத்தில் ஐந்து விழுந்தால், அந்தப் படுக்கை வரிசையிலும் நெடுக்கு வரிசையிலும் ஒன்பது கட்டப் பெட்டியிலும் இன்னொரு ஐந்துக்கு வழி கிடையாது. ஒழுங்காகத் தயாரித்த புதிருக்கு ஒரே விடைதான். குருட்டாம்போக்கில் போட வேண்டிய அவசியமே இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சென்ற தீபாவளி விடுமுறையில் பேரன் மளமளவென்று வெல்ல ஆரம்பித்தான். அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டேன். ஒரு நாள் மாலை தற்செயலாக அவன் பின்னால் போய் நின்றேன். போட்டி நடப்பது கம்ப்யூட்டரில். விடை வருவது அவன் அம்மாவின் செல்போனில்! புதிரைப் படம் பிடித்துக் கொடுத்தால் நொடியில் விடை சொல்லும் செயலி அதில் இருந்தது.

“இது திருட்டு இல்லையாடா?” என்று கத்தினேன். அவன் மறுக்கவில்லை, அழவும் இல்லை. “தாத்தா, நீங்க தினமும் ‘ஜெயிச்சியா?’ன்னுதானே கேக்கறீங்க? எப்படிப் போட்டேன்னு ஒரு நாள்கூடக் கேட்டதில்லையே” என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை.

இரவு இரண்டு மணிக்கு ரிலே அறையில் தனியாக நின்று ஒவ்வோர் இணைப்பாகச் சோதித்தது நினைவுக்கு வந்தது. சோதிக்காமலே ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த நேரத்தில் கேட்பாரில்லை. ஆனால் காலையில் அந்த வழியாக ஜனங்களோடு வண்டி வரும். ஆரம்ப நாளில் எனக்கு வாய்த்த மேலதிகாரி “முடிந்ததா?” என்று கேட்க மாட்டார். “எப்படிச் சோதித்தாய், சொல்” என்பார். அந்தக் கேள்விதான் என்னை நேர்வழியில் வைத்தது. அதைப் பேரனிடம் கேட்க நான் மறந்துவிட்டேன்.

செல்போனைப் பிடுங்கிப் பூட்டி வைப்பதே மருந்து என்று சிலர் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. போட்டியில் குற்றமில்லை. அதில் மூளை சுறுசுறுப்பாகிறது, தோற்கவும் பழகுகிறோம். கோளாறு நம் கேள்வியில் இருக்கிறது. ஊரை விட்டு வந்த நாம் மார்க்கையும் உத்தியோகத்தையும் பிடித்துக்கொண்டுதான் இந்த நாக்பூரில் காலூன்றினோம். அதனால் ‘எத்தனை மார்க், எத்தனாவது ரேங்க்’ என்று கேட்டே பழகிவிட்டோம். குழந்தையின் காதில் அது ‘எப்படியாவது ஜெயி’ என்றுதான் விழுகிறது.

இப்போது எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் காகிதத்தில் ஒரே ஒரு புதிர். எண்ணை எழுதுமுன் “ஏன் ஐந்து?” என்று கேட்பேன். காரணத்தைத் தமிழில் சொல்ல வேண்டும். இதில் எதிர்பாராத லாபம் ஒன்று கிடைத்தது. நம் பிள்ளைகளின் தமிழ் பெரும்பாலும் ‘பசிக்குது’, ‘நாளைக்கு லீவு’ என்பதோடு நின்றுவிடுகிறது. காரண காரியம் பேச இந்திக்கோ இங்கிலீஷுக்கோ தாவிவிடுகிறார்கள். என் பேரன் இப்போது ‘அப்படின்னா’, ‘இல்லாட்டி’, ‘அதனாலதான்’ என்று தமிழிலேயே வாதம் செய்கிறான்.

இணையப் போட்டியை அவன் விடவில்லை. புள்ளிகள் இறங்கிவிட்டன; தோற்பதுதான் அதிகம். ஆனால் நேற்று தோற்றுவிட்டு வந்து, “எங்கே கோட்டை விட்டேன் தெரியுமா, தாத்தா?” என்று தானாகவே சொன்னான்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவில் கோலப் போட்டி, பாட்டுப் போட்டியோடு இதையும் சேர்க்கலாம். பென்சிலும் காகிதமும் போதும். பாதி மதிப்பெண் விடைக்கு. மீதிப் பாதி, ஒரு கட்டத்தை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று தமிழில் சொல்வதற்கு. காகிதச் செலவு என்னுடையது.