பாடம் தெரியும், படிவம் தெரியாது!

ஆலையிலிருந்து திரும்பிய தோழர் மருந்துக் கடையிலே நிற்கிறார். "நேற்று வாங்கிய மாத்திரை, தம்பி! தின்றதும் உடலெல்லாம் தடிப்பு, உதடெல்லாம் வீக்கம்" என்கிறார். பயிற்சிக்கு வந்த மாணவர், "நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள்" என்கிறார். நல்ல பதில்தான், நாம் குறை கூறவில்லை. ஆனால், அத்தோடு தீர்ந்ததா கடமை? இல்லை, தோழர்களே! அந்தத் தடிப்பு ஏட்டிலே ஏறவேண்டும்.

ஏன்? 1957-இல் மேற்கு ஜெர்மனியிலே தாலிடோமைட் விற்பனைக்கு வந்தது. ஆபத்தில்லாத தூக்க மருந்து என்றனர். கருவுற்ற தாய்மாரும் குமட்டலுக்கு உண்டனர். பிறந்த மழலைகளோ கையின்றி, காலின்றி! 1961-இல் ஜெர்மன் டாக்டர் லென்சும், ஆஸ்திரேலிய டாக்டர் மக்பிரைடும் எச்சரித்த பிறகே உலகம் விழித்தது. அதற்குள் பத்தாயிரத்துக்கும் அதிகமான குழந்தைகள் பலி ஆடுகளாயினர். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கண்டதைச் சேர்த்துப் பார்க்க அன்று ஏற்பாடு இல்லை!

இன்று இருக்கிறது. பிரிட்டன் 1964-இல் மஞ்சள் அட்டை முறையைக் கொணர்ந்தது. இந்தியாவில் 2010-இல் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் பிறந்தது, காஜியாபாத்திலே தலைமையிடம். பொதுமக்களுக்குத் தமிழிலும் படிவம் உண்டு. 1800-180-3024 என்ற எண்ணில் இலவசமாகவும் கூறலாம்.

ஏற்பாடு இருக்கிறது, எழுதும் கை எங்கே? மருந்தியல் மாணவரிடையே நடந்த ஆய்வுகள் பல கூறுவது ஒன்றே: அறிவிப்பது கடமை என்பதை ஒப்புகிறார்கள், எங்கே, எப்படி என்றால் திகைக்கிறார்கள். தேர்வுக்கு இலக்கணம் மனப்பாடம். கையிலே படிவம் ஏந்திய பழக்கமில்லை!

"அது டாக்டர் வேலையல்லவா?" என்பார் சிலர். மருந்தாளுநருக்கும் அதே பொறுப்பு உண்டு. "மருந்துதான் காரணம் என்று மெய்ப்பிக்க வேண்டாமா?" என்பார் வேறு சிலர். வேண்டாம்! ஐயம் போதும், ஆய்ந்து எடைபோடுவது நிபுணர் பொறுப்பு. "வம்பு வருமே?" என்று அஞ்சுவோரும் உண்டு. அறிவிப்பது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது என்று படிவமே பகர்கிறது. நோயாளி யார், மருந்து எது, நேர்ந்த கேடு என்ன, அறிவிப்பவர் யார் — இந்நான்கும் இருந்தால் போதும்.

எனவே நாம் கேட்பது பெரிதல்ல. பயிற்சி முடிக்கும் ஒவ்வொரு மாணவரும் தம் கையால் படிவம் நிரப்பிப் பழகட்டும். கல்லூரிகள் அதைக் கட்டாயமாக்கட்டும். தோழர்களே, நீங்களும் வாய்மூடி வேதனையை விழுங்காதீர்! மாத்திரை அட்டையை எறியாமல் வைத்திருந்து, "தம்பி, இதை எழுது!" என்று கேளுங்கள். உங்கள் உடலில் எழுந்த தடிப்பு, ஊரான் பிள்ளையின் உயிரைக் காக்கும்!