வண்டி கடல் கடக்கும், உறுதி கடக்குமா?

‘வாரண்டி’ என்னுஞ் சொல் இன்று ஊரெங்கும் வழங்குகின்றது. உத்தரவாதம், பிணை எனப் பலவாறு அதனைத் தமிழ்ப்படுத்துவர். ‘பொறுப்புறுதி’ என்பதே பொருளுக்கு அணித்தானது என்பது எம் கருத்து. பழுது நேரின் அதன் செலவைத் தாம் பொறுப்பதாக விற்போர் எழுதிக் கொடுப்பதே அதுவாகலின்.

அவ்வெழுத்து செய்வோரையும் திருத்தவல்லது. கொரிய நாட்டு ஹுண்டாய் நிறுவனத்தார் 1986 இல் அமெரிக்காவிற் கார் விற்கப் புகுந்தனர். மலிவு கண்டு வாங்கியோர் பழுது கண்டு நொந்தனர். நிறுவனத்தின் பெயர் கெட்டது. 1998 இல் எஞ்சின், கியர்பெட்டி முதலியவற்றுக்குப் பத்தாண்டு அல்லது 100,000 மைல் வரை உறுதி தருவதாக அவர்கள் அறிவித்தனர். இனி ஒவ்வொரு பழுதும் தம் பணத்தையே விழுங்குமாதலால், குறைகளைத் தொழிற்சாலையிலேயே களையவேண்டியவராயினர். 2004 இல் ஜே.டி. பவர் நிறுவனத்தின் தொடக்கத் தர ஆய்வில் ஹொண்டாவுடன் சமநிலை எய்தினர். ஆயினும் அப்பத்தாண்டு உறுதி முதலில் வாங்கியவர்க்கே முழுதும் உரியது.

நம் நாட்டில் முதலில் வாங்குவோர் எத்துணைப் பேர்? யப்பானில் ஓடிப் பின்னர்க் கப்பலேறிய வண்டிகளே நம்மவர் பலர்க்கு வாய்ப்பன. டொயோட்டா நிறுவனம் தன் நாட்டிற் பொதுவுறுப்புகளுக்கு மூன்றாண்டு அல்லது 60,000 கிலோமீற்றரும், எஞ்சின் முதலிய தலையாய உறுப்புகளுக்கு ஐந்தாண்டு அல்லது 100,000 கிலோமீற்றரும் உறுதி தருகின்றது. அவ்வுறுதி யப்பானிலேயே நின்றுவிடும். இங்கு எஞ்சுவன விற்போரின் வாய்மொழியும், ஓடிய தூரங்காட்டும் மானியின் எண்ணுமே. அவ்வெண்ணைக் குறைத்துவைப்பாரும் உளர்!

ஆதலின் நம்மவர், “நாளை விற்றால் என்ன விலை போகும்?” என்றே முதலில் வினவுகின்றனர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீளத் திறக்கப்பட்டது. இடைக்காலத்திற் பழைய வண்டிகளும் விலையேறவே, நகை வாங்குவார்போல் வண்டி வாங்கும் வழக்கம் வலுப்பெற்றது. இதனை நகைப்பாருடன் யாம் சேரோம். பழுதுக்குப் பொறுப்பேற்பார் இல்லாதவிடத்து, விற்றேனும் மீளலாம் என எண்ணுதல் இயல்பே.

வஹகோட்டைப் புனித அந்தோனியார் திருத்தலத்துக்கு யாத்திரிகரை ஏற்றிவரும் வான்காரர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். லீசிங் கடனில் வாங்கிய வண்டியின் கியர்பெட்டி நின்றுபோனாலும் தவணை நில்லாது. அவர் கையில் உறுதிப்பத்திரம் இருப்பினும், அது ஆங்கிலத்தில் இருக்குமாயின் பயன் என்னை? குறித்த காலத்திற் பராமரித்தமைக்குச் சான்று வேண்டும், தேயும் உறுப்புகள் அடங்கா என்னும் விலக்குகளை வண்டி நின்ற பின்னரன்றோ அறிவார்!

சிங்களமும் தமிழும் ஆட்சிமொழிகளாயுள்ள நாடு இது. பயன்படுத்திய வண்டியை விற்கும் வணிகர், எவ்வுறுப்புக்கு, எத்தனை மாதத்துக்கு, யார் செலவில் உறுதி என்பதை வாங்குவோரின் மொழியில் எழுதி ஒப்பமிட்டுத் தரல் வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இதனைக் கட்டாயமாக்க முன்வருக. அதுவரை, வண்டி வாங்கச் செல்லும் தந்தையருடன் மாணவர் தாமுஞ் சென்று, ஒப்பமிடுமுன் அத்தாளைப் படித்துப் பொருள் கூறலாம்.