மருந்துக்குச் சாகாத உண்ணி வேறு இனமா?

கேள்வி: தோட்டத்தில் கட்டியிருக்கும் காங்கேயம் மாடுகளின் உண்ணி, டெல்டாமெத்ரின் தெளித்தால் செத்து விழுகிறது. போன வாரம் சந்தையில் வாங்கிய கலப்பின ஜெர்சியின் உண்ணி அதே மருந்துக்கு அசையவில்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. இது வேறு இனமா? (வாசகர், தாராபுரம்)

பதில்: மருந்துக்குச் சாகவில்லை என்பதால் மட்டும் வேறு இனம் என்று சொல்ல முடியாது. காலில் வெள்ளை வளையம் தெரிந்தால் அது ஹயலோமா. வளையம் இல்லையென்றால் இரண்டும் பெரும்பாலும் மைக்ரோபிளஸ் என்ற சாதாரண மாட்டு உண்ணிதான். அளவைப் பார்க்காதீர்கள். குடித்த ரத்தத்தைப் பொறுத்து அது எள் போலவும் இருக்கும், ஆமணக்குக் கொட்டை போலவும் இருக்கும்.

சந்தேகம் வந்தால் ஆய்வாளர்கள் இரண்டையும் இணையவிட்டுப் பார்ப்பார்கள். குதிரைக்கும் கழுதைக்கும் பிறக்கும் கோவேறு கழுதை மலடாக இருக்கிறது அல்லவா, அதே கணக்கு. ஆஸ்திரேலிய மாட்டு உண்ணிக்கு 1899-ல் தனிப்பெயர் வைத்தார்கள். பிறகு மைக்ரோபிளஸோடு சேர்த்துவிட்டார்கள். அர்ஜென்டினா உண்ணியையும் மொசாம்பிக் உண்ணியையும் இணையவிட்டபோது வம்சம் தொடர்ந்தது. நடுவில் ஒரு கடலே இருந்தும் அவை ஒரே இனம். ஆஸ்திரேலிய உண்ணியோடு சேர்த்தபோது குஞ்சு பிறந்தது, ஆனால் அது மலடு. மரபணுவும் உடலமைப்பும் இதற்கு ஒத்துப்போனதால், 2012-ல் அதை ஆஸ்ட்ராலிஸ் என்று மறுபடியும் தனி இனமாக்கினார்கள்.

உங்கள் பட்டியில் இரண்டும் ஒரே இனம் என்றால்தான் ஆபத்து அதிகம். இந்த உண்ணி மாட்டின் மேலேயே இணைகிறது. ஜெர்சியோடு வந்த எதிர்ப்புத்தன்மை உங்கள் பழைய உண்ணிக்கும் ஏறிவிடும். ஒரு பெண் உண்ணி 2,000 முட்டைக்கு மேல் இடும் என்பதால் அது பரவ நாளாகாது.

ஆகவே ஜெர்சியை இன்றே தனியாகக் கட்டுங்கள். காங்கேயம் மேயும் இடத்தில் விடவேண்டாம். மருந்தின் அளவைக் கூட்டாதீர்கள். சைபர்மெத்ரினுக்கு மாறியும் பயனில்லை. அதுவும் டெல்டாமெத்ரின் குடும்பம்தான். எந்த மருந்துக்கு மாறுவது, மருந்தைக் கலந்த அளவு சரிதானா என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். சோதனைக்கு உண்ணி அனுப்பச் சொன்னால், ரத்தம் குடித்துப் பருத்தவற்றைக் காற்றுத் துளையிட்ட டப்பாவில் உயிரோடு கொடுங்கள். இனம் அறிய மட்டும் என்றால் சாராயத்தில் போட்டது போதும். எதிர்ப்புத்தன்மையைப் பார்க்கச் செத்த உண்ணி உதவாது.