அறுவடைக்காரனின் ஆடை

கொடுங்குற்றம் ஒன்று செய்தியாகும் வாரங்களில் எல்லாம் தொலைக்காட்சி விவாதங்களில் ‘கண்ணுக்குக் கண்’ என்ற தொடர் தவறாமல் வந்துவிடுகிறது; இந்த வாரமும் வந்தது. தண்டனையைக் கடுமையாக்க வேண்டும், விரைவாக்க வேண்டும் என்று வாதிட்டவர் அதைப் பழங்காலச் சட்டத்தின் துணிவுக்குச் சான்றாகக் காட்டினார். அவரை மறுத்தவர் அதையே பழங்காலச் சட்டத்தின் காட்டுமிராண்டித்தனத்துக்குச் சான்றாகக் காட்டினார். அது எந்த நூலில், எந்தச் சட்டத்தின் நடுவில், யாரைக் குறித்துச் சொல்லப்பட்டது என்று இருவரில் எவரும் கேட்கவில்லை, நெறியாளரும் கேட்கவில்லை. பண்டைய எபிரேயச் சட்டம் முழுவதையும் இந்த ஒற்றைத் தொடருக்குள் அடைத்துவிடும் வழக்கத்தின்மீது இப்பத்திக்கு உள்ள பகை வாசகர்கள் அறிந்ததே. ‘மறுபடியுமா’ என்று சலித்துக்கொள்வோர் அடுத்த சில பாராக்களைத் தாண்டிச் சென்றுவிடலாம்.

எபிரேயத் திருநூலின் முதல் ஐந்து நூல்கள் சேர்ந்த தொகுதி ‘தோரா’ எனப்படும். அத்தொகுதியில் இத்தொடர் மூன்று இடங்களில் வருகிறது. யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தில், ஆடவர் சண்டையிடும்போது இடையில் அகப்பட்ட கர்ப்பிணிக்கு நேரும் தீங்கைக் குறித்து வருகிறது. லேவியராகமம் 24இல் பிறர் உடலுக்கு ஊனம் விளைவிப்பவனைக் குறித்து, உள்ளூரானுக்கும் அந்நியனுக்கும் ஒரே சட்டம் என்ற அறிவிப்போடு சேர்ந்து வருகிறது. உபாகமம் 19இல் பொய்ச்சாட்சி சொன்னவனைக் குறித்து வருகிறது. இம்மூன்றில் அதிகம் மறக்கப்பட்டது மூன்றாவது. ஒருவன்மீது பொய்க் குற்றம் சாட்டியவன், எந்தத் தண்டனையை அவனுக்கு வாங்கித்தர எண்ணினானோ அதே தண்டனையைத் தானே அடைய வேண்டும் என்பதே அங்கு விதி; கண்ணும் பல்லும் கையும் காலும் அந்த விதியின் முடிவில்தான் அடுக்கப்படுகின்றன. விசாரணை தொடங்குமுன்பே தீர்ப்பை எழுதி முடித்துவிடும் விவாத அரங்குகள் இத்தொடரை உச்சரிக்கும்போது குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொள்வது அவற்றுக்கே நல்லது.

இத்தொடரின் கருத்து எபிரேயர்களின் கண்டுபிடிப்பும் அன்று. கி.மு. 18ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட ஹமுராபியின் சட்டங்களிலேயே அது இருக்கிறது. இன்றைய ஈரானில் உள்ள சூசாவில் 1901-02இல் பிரெஞ்சு அகழ்வாளர்கள் கண்டெடுத்து, இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கும் கருங்கல் தூணில் அச்சட்டங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கே மேல்குடியினன் ஒருவனின் கண்ணைக் கெடுத்தவனுக்குத்தான் கண் போகும். அவனைவிடத் தாழ்ந்த நிலையினனின் கண்ணைக் கெடுத்தால் ஒரு மினா, அதாவது ஏறத்தாழ அரைக் கிலோ, வெள்ளி செலுத்தினால் போதும். பிறனுடைய அடிமையின் கண்ணுக்கு அவ்வடிமையின் விலையில் பாதி. யாத்திராகமம் இந்த ஏணியை வேறொரு பக்கத்திலிருந்து ஏறுகிறது. தொடரை உச்சரித்து முடித்த அடுத்த மூச்சிலேயே, எசமானன் தன் சொந்த அடிமையின் கண்ணையோ ஒரு பல்லையோ போக்கினால் அதற்கு ஈடாக அந்த அடிமையை விடுதலை செய்து அனுப்ப வேண்டும் என்கிறது. அதற்குச் சில வசனங்கள் முன்னால் அதே அதிகாரம், அடிக்கப்பட்ட அடிமை ஓரிரு நாள் உயிரோடிருந்து இறந்தால் எசமானனுக்குத் தண்டனை இல்லை, ஏனெனில் அடிமை அவன் பணம் என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்து வாசிக்காமல் பெருமை பேசுவதும் சிறுமை பேசுவதும் ஒரே வகைச் சோம்பல்.

பின்வந்த யூதச் சட்ட அறிஞர்கள் இத்தொடரைப் பண இழப்பீடாகவே பொருள்கொண்டனர். கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட ‘மிஷ்னா’ என்னும் வாய்மொழிச் சட்டத் திரட்டில், சேதங்களைப் பற்றிய பாபா காமா என்ற பகுதியின் எட்டாம் அதிகாரம், பிறனைக் காயப்படுத்தியவன் ஐந்து வகையில் கடன்பட்டவன் என வகுக்கிறது: ஊனத்துக்கு, வலிக்கு, மருத்துவத்துக்கு, வேலையிழப்புக்கு, அவமானத்துக்கு. ஊனத்தின் மதிப்பைக் கணக்கிடுவதற்கு, காயம்பட்டவன் சந்தையில் அடிமையாக விற்கப்பட்டால் முன்பு என்ன விலை போயிருப்பான், இப்போது என்ன விலை போவான் என்று பார்த்து, வேறுபாட்டை எடுத்துக்கொண்டார்கள். மனித உடலுக்கு வேறெந்தச் சந்தை விலையும் இல்லாத உலகில் அடிமைச் சந்தையே அளவுகோலானது; அருவருப்பும் வியப்பும் ஒருங்கே எழுப்பும் சட்டப் பக்கங்கள் இப்படிச் சிலவே உண்டு.

இந்த வாரத்து வழக்கையும், அதையொட்டி எழுந்த தண்டனைக் கூச்சலையும் பற்றி இன்னும் சொல்ல இருந்தது. ஆனால் தோராவைத் திறந்தவர்கள் தண்டனைகளின் பட்டியலில் நீண்டநேரம் நிற்பதில்லை. சில பக்கங்களிலேயே முட்டும் மாடும், மூடாமல் விடப்பட்ட குழியும், அடுத்தவன் வயலில் மேய்ந்த கால்நடையும், அடகு வைக்கப்பட்ட போர்வையும் வந்துவிடுகின்றன. அவற்றைத் தீர்த்துவைத்த அவை எத்தகையது என்பதே கொலைத் தண்டனையைவிடச் சுவையான செய்தி.

அந்த அவை பட்டணத்து வாயிலில் கூடியது. அரணுள்ள ஊர்களில் நுழைவாயில் என்பது கதவு பொருத்திய ஓர் இடைவெளி மட்டும் அன்று. இருபுறமும் அறைகளும், அறைகளில் சுவரோரமாகக் கல் இருக்கைகளும் கொண்ட கட்டடம். வடக்கே தாண் என்ற ஊரின் வாயிலில் அகழ்வாளர் ஆவ்ராகாம் பிரான் அத்தகைய கல் இருக்கையையும், ஆசனம் ஒன்று அமைந்திருந்ததாகத் தோன்றும் மேடையையும் வெளிக்கொணர்ந்தார். வயலுக்குப் போவோரும் வருவோரும் கடந்தே தீரவேண்டிய இவ்விடத்தில் ஊர் மூப்பர்கள் அமர்ந்து வழக்குக் கேட்டனர். ரூத் என்ற நூலின் நான்காம் அதிகாரத்தில் போவாஸ் வாயிலுக்குப் போய் உட்கார்ந்து, உரிமையில் தனக்கு முந்தைய உறவினனை அவ்வழியே வரும்போது அழைத்து, மூப்பர் பத்துப் பேரை அமரவைத்து, நிலத்தையும் விதவையையும் பற்றிய உரிமையைச் சிறிது நேரத்தில் முடித்துவிடுகிறான்; விட்டுக்கொடுத்தவன் தன் காலணியைக் கழற்றிக் கொடுப்பதே பத்திரம். அரசு தரப்பில் குற்றம் சாட்டுபவர் இல்லை, வழக்கறிஞர் இல்லை, தண்டனையாகச் சிறைவாசம் தோராவில் இல்லை. இரண்டு அல்லது மூன்று சாட்சிகள் இல்லாமல் ஒருவனைக் குற்றவாளியாக்கக் கூடாது. மரண தண்டனை என்றால் முதற்கல்லைச் சாட்சிகளே எறிய வேண்டும்.

இந்த ஏற்பாட்டை எப்படி வளைக்கலாம் என்பதற்கு நாபோத்தின் கதையே போதும்: ஆகாப் அரசனுக்குத் தன் திராட்சைத் தோட்டத்தைத் தர மறுத்த அவனை, யேசபேல் அரசி மூப்பர்களுக்குக் கடிதம் எழுதி, சரியாக இரண்டு பொய்ச்சாட்சிகளை நிறுத்தி, முறை சிறிதும் பிசகாமல் கொல்வித்தாள்.

கடன் பற்றிய விதிகளில்தான் உபாகமத்தின் 24ஆம் அதிகாரம் இப்பத்தியின் பெருவிருப்பத்துக்கு உரியதாகிறது. திரிகைக் கல்லை அடகாக வாங்கக் கூடாது, ஏனெனில் அது ஒரு வீட்டின் உயிரையே அடகு வாங்குவதாகும். விதவையின் ஆடையை அடகாக எடுக்கக் கூடாது. கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை எடுக்கக் கடனாளியின் வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும், கடனாளியே அதை வெளியே கொண்டுவந்து தர வேண்டும். ஏழையின் போர்வையை அடகாக வாங்கியிருந்தால் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற விதி இங்கும் யாத்திராகமம் 22இலும் இருக்கிறது. இவ்விதி ஏட்டோடு நின்றுவிட்டது என்பதற்குக் கி.மு. 8ஆம் நூற்றாண்டின் இறைவாக்கினர் ஆமோஸ் சாட்சி. அடகு வாங்கிய ஆடைகளைப் பலிபீடங்களின் அருகே விரித்துப் படுத்துக்கொள்பவர்களை அவர் பெயர் சொல்லாமல் சாடுகிறார்.

ஆமோஸ் கவிஞர், மிகைப்படுத்தியிருக்கலாம் என்று கருதுவோர்க்கு ஒரு பானை ஓடு மறுமொழி சொல்கிறது. இன்றைய இஸ்ரேலின் கடற்கரையில், யாப்பாவுக்கும் அஸ்தோத்துக்கும் இடையே மெசாத் ஹஷாவியாகு என்ற சிறு கோட்டையை அகழ்ந்த யோசேப் நாவே, 1960இல் வாயிலை ஒட்டிய காவலறையில் அதைத் துண்டு துண்டாகக் கண்டெடுத்தார். இப்போது எருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மையால் எபிரேயத்தில் எழுதப்பட்ட ஏறத்தாழ 14 வரிகள். காலம் கி.மு. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. கிரேக்க மட்கலங்கள் அங்கு மிகுதியாகக் கிடைத்ததால் கோட்டையில் கிரேக்கக் கூலிப்படையினர் இருந்திருக்க வேண்டும் என்றும், கோட்டை யூதாவின் அரசன் யோசியாவுடையதா எகிப்துக்கு உரியதா என்றும் அறிஞர்கள் வாதிட்டு வருகிறார்கள். இங்கு அந்த வாதம் தேவையில்லை.

ஓட்டில் இருப்பது ஒரு மனு. மனுதாரன் அறுவடைக் கூலியாள். தன் பெயரைச் சொல்லவில்லை. தலைவனே, உம் ஊழியனின் வார்த்தையைக் கேளும் என்னும் பொருள்படத் தொடங்குகிறான். தான் அறுத்ததாகவும், அளந்ததாகவும், வழக்கம்போலக் களஞ்சியத்தில் சேர்த்ததாகவும் சொல்கிறான். சொன்னதையே திரும்பவும் சொல்கிறான். அதன் பிறகு சோபாயின் மகன் ஓசாயா வந்து தன் ஆடையை எடுத்துக்கொண்டு போனான் என்கிறான். வெயிலில் தன்னோடு அறுத்த உடன்வேலையாட்கள் அனைவரும் தனக்காகச் சாட்சி சொல்வார்கள், தன்மேல் குற்றமில்லை, ஆடையைத் திருப்பித் தரவேண்டும் என்கிறான். ஒரே செய்தி இரண்டு மூன்று முறை சுற்றிச் சுற்றி வருவதால், கூலியாள் பதற்றத்தோடு சொல்லச் சொல்ல எழுத்தர் ஒருவர் அப்படியே எழுதிக்கொண்டார் என்று பலரும் கருதுகின்றனர். நீதிமன்ற வாசலில் மனு எழுதித் தருபவர் கட்சிக்காரரின் புலம்பலைச் சட்ட நடைக்குத் திருத்திவிடுவது போல அந்த எழுத்தர் செய்யாமல் விட்டது நமக்குக் கிடைத்த நற்பேறு.

ஆடை கடனுக்கு அடகாக எடுக்கப்பட்டதா, அன்றைய அளவுக்குத் தானியம் சேர்க்கவில்லை என்று அபராதமாகப் பறிக்கப்பட்டதா என்பதில் கருத்து ஒற்றுமை இல்லை. வேலையை முடித்துவிட்டேன் என்று அவன் வற்புறுத்துவதைப் பார்த்தால் இரண்டாவதே பொருந்துகிறது. ஆனால் இந்த ஓட்டில் வியப்புக்கு உரியது வேறொன்று. தன் ஆடையைத் திரும்பக் கேட்கும் இந்த ஏழை, யாத்திராகமத்தையோ உபாகமத்தையோ, மோசேயின் பெயரையோ, கடவுளின் பெயரையோகூட எடுத்துரைக்கவில்லை. போர்வையைச் சூரியன் மறைவதற்குள் தரவேண்டும் என்ற விதி அவன் கையில் இருந்திருந்தால் அதைவிடச் சிறந்த ஆயுதம் அவனுக்கு எது? அவன் நம்பியிருப்பது தன் சாட்சிகளையும் தலைவனின் நியாய உணர்வையும் மட்டுமே.

எழுதப்பட்ட சட்டம் அப்போது இல்லை என்று இதனால் முடிவுகட்டுவது அவசரம். யோசியாவின் 18ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 622இல், எருசலேம் ஆலயத்தில் ஒரு சட்டநூல் கண்டெடுக்கப்பட்டதாக இராஜாக்கள் இரண்டாம் நூல் கூறுகிறது. அது உபாகமத்தின் மூலப்பகுதியாக இருக்கலாம் என்பது பரவலான கருத்து. மனுவும் அந்நூலும் சில பத்தாண்டு இடைவெளிக்குள் அடங்கிவிடுகின்றன. ஹமுராபியின் தூணுக்கும் இதே கதைதான்: பாபிலோனிய ஒப்பந்தங்களும் தீர்ப்புகளும் ஆயிரக்கணக்கில் கிடைத்தும், அவற்றை எழுதியோர் அரசனின் சட்டப் பிரிவுகளைச் சான்றாகக் காட்டுவது அரிது. நீதிபதி நூலைப் புரட்டிப் பிரிவு எண்ணைச் சொல்லித் தீர்ப்பளிப்பது நமது பழக்கம். அக்காலத் தொகுப்புகள் நீதி இப்படி இருக்க வேண்டும் என்று மூப்பர்களுக்கும் அரசர்களுக்கும் எழுத்தர்களுக்கும் கற்பித்தவை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

போர்வைச் சட்டத்தின் வாசகமே இதற்கு இடம் தருகிறது. திருப்பித் தராத கடன்காரனுக்கு எத்தனை அடி, எவ்வளவு அபராதம் என்று யாத்திராகமம் சொல்வதில்லை. அவனுக்கு இருப்பது அது ஒன்றுதானே, வேறெதைப் போர்த்திக்கொண்டு படுப்பான் என்று கேட்டுவிட்டு, அவன் முறையிட்டால் கடவுள் செவிகொடுப்பார், ஏனெனில் அவர் இரக்கமுள்ளவர் என்பதோடு முடித்துக்கொள்கிறது. பானையோட்டின் இறுதி வரிகள் சிதைந்துள்ளன. ஆடையைத் திருப்பித் தருவது உம் கடமை அல்ல என்று நீர் கருதினாலும் உம் ஊழியன்மேல் இரக்கம் கொள்ளும் என்னும் பொருளிலேயே அவற்றைப் பலர் நிரப்பி வாசிக்கின்றனர். இந்த வாசிப்பு சரியென்றால், கூலியாள் சட்டத்தை அறியாமலே அதன் கடைசி வாதத்தை எட்டியிருக்கிறான். அல்லது, இதுவே கூடுதலாகப் பொருந்துவது, அச்சட்டத்தைத் தொகுத்த எழுத்தர்கள் வாயிலில் உட்கார்ந்து இத்தகைய மனுக்களைப் பல ஆண்டுகள் எழுதிக்கொடுத்தவர்களாக இருந்திருக்க வேண்டும்.