வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே

சென்னையில் வாடகைக்கு வீடு தேடும் குடும்பஸ்தர் முதலில் என்னென்ன விசாரிக்கிறார் என்பதைக் கவனித்தால் ஓர் உண்மை விளங்கும். வாடகை எவ்வளவு, தண்ணீர் வசதி உண்டா என்பவற்றோடு, ஸ்டேஷன் எத்தனை நிமிஷ நடை, பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் அவர் கேட்காமல் இருப்பதில்லை. அவருக்கு வேண்டியது தூரக் கணக்கன்று, நேரக் கணக்கு. ஏழைகளுக்கு வீடு கட்டித் தரும் சர்க்கார் இந்தச் சாமானிய விவேகத்தைக் கைக்கொள்ளவில்லை என்பதே நமது முறையீடு.

நமது பட்டணம் வளர்ந்த சரித்திரமே இதற்குச் சாட்சி. 1895-ம் வருஷத்தில் டிராம் வண்டி ஓடத் தொடங்கியது. 1931-ம் வருஷத்தில் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரயில் விடப்பட்டது. 1920-களில் மாம்பலத்தில் உருவான தியாகராய நகரும், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் முதலிய ஊர்களும் அந்த ரயில் பாதையை ஒட்டியே செழித்தன. ஜார்ஜ் டவுனில் உத்தியோகம் பார்த்த குமாஸ்தா அவ்விடத்துச் சந்தில் அதிக வாடகை கொடுத்து நெருக்கடியில் கிடக்க வேண்டிய அவசியம் தீர்ந்தது. தாம்பரத்தில் குடியேறும்படி அவருக்கு எவரும் உத்தரவு போடவில்லை. ரயில் அழைத்தது, அவர் போனார்.

இவ்விஷயத்தை ஆராய்ந்தவர்களில் யாகோவ் ஸஹாவி என்பவர் 1970-களிலும், இத்தாலியரான சேஸரே மார்க்கெட்டி 1994-ம் வருஷத்திலும் ஒரு கருத்தை வெளியிட்டனர். மனிதர் சராசரியாக நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரமே பிரயாணத்துக்குச் செலவிடுகின்றனர் என்பது அதன் சாரம். வாகனத்தின் வேகம் கூடினால் மிச்சமாகும் நேரத்தை அவர்கள் ஓய்வாக அனுபவிப்பதில்லை. இன்னும் தள்ளிப் போய்ப் பெரிய வீடாகப் பார்க்கிறார்கள். இது எல்லா ஊருக்கும் அட்சரம் பிசகாமல் பொருந்தும் விதி என்று நாம் சாதிக்கவில்லை. ஆயினும் குடித்தனத்துக்குத் தாங்கும் பிரயாண நேரத்துக்கு ஓர் அளவு உண்டு என்பதை மறுப்பார் இல்லை. அந்த அளவை மீறி இரண்டு மணி, மூன்று மணி என்று வழியிலேயே கழிப்பவர் அதை விரும்பி ஏற்றவர் அல்லர்.

இனி ஏழைகளின் நிலைமையைப் பார்ப்போம். குடிசை மாற்று வாரியம் 1970-ம் வருஷத்தில் ஸ்தாபிக்கப்பட்ட காலத்தில், குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்கு வீடுகள் கட்டித் தருவது பிரதான நோக்கமாக இருந்தது. பின்னர் வழி மாறியது. 2000-ம் வருஷத்தையொட்டிக் கண்ணகி நகரும், அதன் பின் செம்மஞ்சேரியும், பெரும்பாக்கமும் எழுந்தன. கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய் ஆகியவற்றின் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே கொண்டுபோய் வைக்கப்பட்டன. மயிலாப்பூரில் காலை ஆறு மணிக்கு ஒரு வீட்டில் பாத்திரம் துலக்கி, பத்து மணிக்குத் திரும்பித் தன் வீட்டில் சமைத்து, மாலையில் மறுபடியும் வேலைக்குச் சென்றவள், சுமார் இருபது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து நாளுக்கு இரு முறை வந்து போவது எங்ஙனம்? அவளுக்கு வீடு கிடைத்தது, பிழைப்பு போயிற்று. சிலர் அவ்வீட்டைப் பூட்டிவிட்டுப் பழைய இடத்தருகே வாடகைக்குத் திரும்பி வந்தனர். இதை நன்றியின்மை என்பாரும் உளர். தியாகராய நகரில் வீடு தேடும் வக்கீலும் இதே கணக்கைத்தான் போடுகிறார் என்பதை அவர்கள் மறந்துவிட்டனர்.

ஆற்றங்கரையில் வசிப்பது அபாயம் என்று அதிகாரிகள் கூறுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2015-ம் வருஷத்து வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. பட்டணத்துக்குள் நிலத்தின் விலை அதிகம் என்பதும் மெய்யே. ஆனால் நிலத்தில் மிச்சம் பிடித்த பணத்தை யார் செலுத்துகிறார்? ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் நின்றுகொண்டே வரும் தொழிலாளியல்லவா தம் நேரத்தைக் கொண்டு செலுத்துகிறார்! 2021-ம் வருஷம் முதல் சாதாரண நகரப் பஸ்களில் ஸ்திரீகளுக்குக் கட்டணம் இல்லை என்று செய்தது உயர்ந்த காரியம். ஆனால் இலவசச் சீட்டு பணத்தை மிச்சப்படுத்துமேயன்றி நேரத்தை மிச்சப்படுத்தாது. மெட்ரோ ரயிலின் இரண்டாவது கட்டத்துக்கு, ஏறக்குறைய 119 கிலோமீட்டருக்கு, மத்திய மந்திரிசபை 2024-ம் வருஷத்தில் அனுமதி தந்தது. அதில் ஒரு பாதை சோழிங்கநல்லூர் வழியாகச் செல்வது. கண்ணகி நகருக்கு ஜனங்களை அனுப்பி இருபத்து நான்கு வருஷங்கள் கழித்தா இந்த அனுமதி? ரயில் முன்னே, குடி பின்னே என்பது தாம்பரத்தின் வழி. குடி முன்னே, ரயில் எப்பொழுதோ என்பது இவர்களுக்கு நேர்ந்த கதி.

ஆகவே நாம் கோருவன மூன்று. முதலாவது, எந்தக் குடும்பத்தையும் இடம் மாற்றுமுன், புதிய வீட்டிலிருந்து வேலைத்தலத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் எத்தனை நிமிஷம் என்பதைப் பகிரங்கப்படுத்த வேண்டும். இரண்டாவது, விடியற்காலை முதல் இரவு வரை பஸ் ஓடத் தொடங்கிய பிறகே வீட்டின் சாவியைக் கொடுக்க வேண்டும். மூன்றாவது, ரயில் வந்தவுடன் அருகிலுள்ள மனையின் விலை ஏறி ஏழை மேலும் விரட்டப்படுவது வழக்கமாதலால், ஸ்டேஷன்களை அடுத்த சர்க்கார் நிலத்தில் ஒரு பங்கை அவர்களுக்கென ஒதுக்க வேண்டும்.

நமது தொண்டர்கள் பேட்டைதோறும் சென்று இந்த நேரக் கணக்கை எடுத்து அதிகாரிகள் முன் வைப்பார்களாக. வீடு என்பது நான்கு சுவர் மட்டுமன்று. அதிலிருந்து பிழைப்புக்குச் செல்லும் வழியும் சேர்ந்ததே வீடு. வழியில்லாத வீட்டைக் கொடுப்பது தானமாகாது; நாடு கடத்துவதற்கு ஒப்பாகும்.