ஆர்க்கிடெக்ட் அரசாங்கத்துக்கு ஆகாதா?

கையில் மனுவோடு தாலுகா ஆபீசில் கால்கடுக்க நின்றிருக்கிறீர்களா? ஜன்னலுக்கு உள்ளே இருப்பவருக்கு ஃபேன். வெளியே நிற்கும் உங்களுக்கு வெயில். சக்கர நாற்காலிக்கென்று ஒரு சரிவுப் பாதை இருக்கும். ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளமாவது வேண்டும் என்பது விதி. இங்கே ஏறுவதற்கு சர்க்கஸ் பயிற்சி வேண்டும். பெண்கள் கழிப்பறை எங்கே என்று கேட்டால், 'பின்னாடி போங்க' என்பார்கள். போனால் பூட்டு.

'எல்லாம் ஊழல் சார்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இன்னொரு காரணத்தை யாரும் பேசுவதில்லை. கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகளுக்கு நாம் எதைச் சொல்லிக் கொடுக்கிறோம்?

பி.ஆர்க். ஐந்து வருடப் படிப்பு. ரிசார்ட், மியூசியம், ஐ.டி. பார்க் என்று விதவிதமாக மாடல் செய்கிறார்கள். பயிற்சி செமஸ்டரைப் பெரும்பாலோர் தனியார் ஆபீசில்தான் கழிக்கிறார்கள். எஸ்டிமேட், டெண்டர் எல்லாம் பாடத்தில் உண்டு. பரீட்சைக்கு முந்தின ராத்திரி புரட்டுகிற பேப்பராக! குறைந்த ரேட் கேட்டவருக்கு வேலை என்ற கட்டாயத்துக்குள் ஒரு நல்ல டிசைனைக் காப்பாற்றுவது எப்படி? அதை யாரும் பழக்குவதில்லை. பொதுப்பணித் துறையில் இன்ஜினீயர்கள் ஒரு படை. ஆர்க்கிடெக்ட்கள் ஒரு கைப்பிடி.

'கவர்மென்ட் வேலையில கிரியேட்டிவிட்டி ஏது?' என்பார்கள் மாணவர்கள். மெரினா பக்கம் போய் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைப் பாருங்கள் தம்பிகளே. 1879-ல் கட்டி முடித்தது. டிசைன் செய்த ராபர்ட் சிஷோம், சென்னை அரசாங்கத்தின் ஆர்க்கிடெக்ட். அவரும் ஃபைல் பார்த்தவர்தான். வெள்ளைக்காரன் தன் பெருமைக்குக் கட்டினான் என்பீர்கள். சரி, நம் ஜனங்களின் மரியாதைக்கு நாம் கட்டக்கூடாதா?

செய்ய வேண்டியது மூன்று. ஒரு செமஸ்டர் நகராட்சியிலோ பொதுப்பணித் துறையிலோ உதவித்தொகையோடு கட்டாயப் பயிற்சி. அரசாங்க ரேட்டுக்குள் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தை டிசைன் செய்யும் பிராஜெக்ட்; பென்சிலைத் தொடுமுன் அங்கே ஒரு நாள் முழுக்க க்யூவில் நிற்க வேண்டும். மூன்றாவது அரசாங்கத்துக்கு: வேலைக்கு ஆள் எடுங்கள். வாசலே இல்லாத வீட்டுக்கு வழி கற்றுக் கொடுத்து என்ன பயன்?

வீடு பிடிக்காவிட்டால் பணக்காரர் ஆர்க்கிடெக்டை மாற்றிக்கொள்வார். மனுவோடு வந்த பாட்டியால் தாலுகா ஆபீசை மாற்றிக்கொள்ள முடியுமா?